எழுத்துக் கூட்ட வராத இரண்டு பேர்

மூன்றாம் கிளாஸ் வரும்வரை எனக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கே தெரியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் என் மருமகள்கூட பேனாவை நிறுத்திவிட்டு, "அது எப்படி மாமி தெரியாம இருக்கும்?" என்று கேட்டாள். எப்படி என்று எனக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. முயன்று பார்க்கிறேன்.

பாம்பனில் ரயில் ஸ்டேஷனுக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் வீடு இருந்தது. வாப்பா கருவாட்டு வியாபாரம் செய்தார். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்கள் அப்போது கம்மி. வாப்பா வியாபாரமாகக் கொழும்புக்குப் போய்வந்தவர். அங்கே நம் முஸ்லிம் பெண்பிள்ளைகள் புத்தகப்பையோடு தெருவில் போவதைப் பார்த்துவிட்டு வந்து, எங்களையும் படிக்க வைத்தே தீருவது என்று நின்றார். உம்மாவுக்கு அதில் பெரிய விருப்பமும் இல்லை, மறுப்பும் இல்லை.

வாத்தியார் ஒரு வரி வாசிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். இரண்டு முறை கேட்டால் எனக்கு மனதில் தங்கிவிடும். எந்தப் பாடத்துக்கு என்ன படம் என்று தெரியும். படத்தைப் பார்த்ததும் பாடம் தானாக வாய்க்கு வரும். படத்துக்குக் கீழே கறுப்பாக வரிசை வரிசையாக இருந்ததை நான் கரைபோலத்தான் நினைத்திருந்தேன், சேலைக்குக் கரை இருப்பதுபோல. விரலை வைத்து ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டும் என்பார் வாத்தியார். நானும் ஓட்டுவேன். அதற்குப் பெயர்தான் படிப்பது என்று நினைத்தேன். மற்ற பிள்ளைகளும் அதையேதான் செய்கிறார்கள், எனக்கு ஞாபகம் கொஞ்சம் கூடுதல், அதனால் நான் கெட்டிக்காரி, அவ்வளவுதான்.

சிலேட்டில் எழுதும்போது பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து அதேபோல வரைந்துவிடுவேன். எதையோ ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமே கிடையாது. கோலம் பார்த்துப் போடுகிறவள் ஏமாற்றுகிறாளா என்ன.

விடியற்காலையில் ஓதப் போவோம். எங்கள் தெருவிலேயே ஒரு அம்மா தன் வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தார். அங்கேயும் கேட்டுக் கேட்டுத்தான் வரும். என் குரலுக்காக என்னை முன்னால் உட்காரவைப்பார். "இவ ஓதுனா வீட்டுல பரக்கத்து எறங்கும்" என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உம்மா அதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் கிளாஸில் ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் காட்டச் சொன்னார். வாத்தியார் என்னை எழுப்பிவிட்டார். இன்ஸ்பெக்டர் தன் பையிலிருந்து நான் பார்த்தேயிராத ஒரு புத்தகத்தை எடுத்து, நடுவில் விரித்து, என் கையில் கொடுத்தார்.

"படிம்மா."

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, படி."

"நீங்க இன்னும் சொல்லலையே" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் என்ன சொல்லணும்? நீதானே படிக்கணும்."

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. பக்கத்தில் ஒரு மயில் படம் இருந்தது. எங்கள் புத்தகத்திலும் ஒரு மயில் பாடம் உண்டு. சரி, இதைத்தான் கேட்கிறார் போல என்று, விரலை ஓட்டிக்கொண்டே, எங்கள் மயில் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை தப்பில்லாமல் சொல்லி முடித்தேன். இன்ஸ்பெக்டர் எட்டிப் புத்தகத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் போனபிறகு வாத்தியார் எங்கள் புத்தகத்திலேயே படமில்லாத ஒரு பக்கத்தை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் கேட்டார். 'அ' சொன்னேன். 'ப' சொன்னேன். அடுத்ததையும் 'ப' என்றேன். அது 'ட'. அதற்கடுத்தது எதுவோ, எனக்குத் தெரியவில்லை.

"நடிக்கிறியா?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதற்குமுன் என்னை ஒருநாளும் வைததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று அன்று முழுக்க யோசித்தேன். இதுவரை படித்ததை நடிப்பு என்கிறாரா, இப்போது படிக்க வராததை நடிப்பு என்கிறாரா? இரண்டுமே நான்தான் செய்தேன். இரண்டில் எதை நடித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே வாப்பா சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். இன்றைக்கு வந்த எழுத்து நாளைக்கு வராது. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் எத்தனை சுழி என்று எண்ணுவதற்குள் எண்ணிக்கை மறந்துபோகும். கொம்பு போட்ட எழுத்துகள் என்னை ரொம்பப் படுத்தின. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் சத்தம் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. ஏன் அப்படி என்று வாப்பாவிடம் கேட்டேன். "அது அப்படித்தான், நீ படி" என்றார். 'கோ' என்று எழுதினால் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால், எழுத்து நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்து அச்சில் 'லை'க்கும் 'னை'க்கும் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வேறு. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் வளைவு அசைவது போல இருக்கும். அசைகிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

வாப்பா புத்தகத்தை மூடிவிட்டு உம்மாவிடம், "கண்ணுலதான் கோளாறு இருக்கும்போல" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

மதுரைக்குக் கூட்டிப்போனார். கண் டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் காட்டி வாசிக்கச் சொன்னார். எனக்கு வியர்த்துவிட்டது. வாப்பா டாக்டரிடம் மெதுவாக என்னவோ சொன்னார். டாக்டர் எழுத்தை விட்டுவிட்டு, தூரத்தில் போய் நின்று விரல்களைக் காட்டினார். ஒரு ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். எல்லாம் செய்தேன்.

"கண்ணு தங்கமா இருக்கு" என்றார் டாக்டர்.

நல்ல செய்தி என்று நான் சந்தோஷப்பட்டு வாப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திரும்பி வரும்போது ரயில் பாலத்தின்மேல் மெதுவாக ஊர்ந்தது. தூரத்தில் போன ஒரு தோணியின் பாயில் ஒட்டுப் போட்டிருந்த இடத்தை வாப்பாவுக்குக் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. "இவ்வளவு தெரியுது, அது மட்டும் ஏன் புள்ள தெரியல?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியாது.

கண்ணில் கோளாறு இல்லை என்றானதும் ஆளுக்கொன்று சொன்னார்கள். வாத்தியார் திமிர் என்றார். சின்னம்மா கண்ணூறு என்றாள். ஓதிக்கொடுக்கும் அம்மா யோசித்து ஒன்று சொன்னார்: "ஓதுறது வலமிருந்து எடம் போகுது. பள்ளிக்கூடத்துல எடமிருந்து வலம். புள்ளைக்கு ரெண்டும் முட்டிக்கிருச்சு. கொஞ்ச நாளைக்கு ஒன்ன நிப்பாட்டிப் பாருங்க." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பள்ளிக்கூடத்தைத்தான் நிறுத்துவார்கள் என்று அவர் நினைத்திருப்பார்.

வாப்பா ஓதப் போவதை நிறுத்தினார். கொஞ்ச நாளைக்குத்தான், எழுத்து படிந்ததும் மறுபடி போகலாம் என்றார். உம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. "ஓதுறத நிப்பாட்டுன வீடு வெளங்குமா?" என்று அடுப்படியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் நிறுத்தியது நிறுத்தியதுதான். காலையில் மற்ற பிள்ளைகள் ஓதும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். நான் வாய்க்குள் கூடவே ஓதுவேன். அது பாவமா, வாப்பா சொன்னதை மீறுவதா, இல்லை நன்மையா என்று குழம்பி அதையும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வயிற்றுவலி வந்தது. அது பொய்யில்லை, நிஜமாகவே வலித்தது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்விடும், அதனால் எல்லாரும் பொய் என்றார்கள். பிறகு கண் இமை மயிரைப் பிடுங்க ஆரம்பித்தேன். பிடுங்கும்போது சுருக்கென்று இருக்கும், அப்புறம் ஒரு நிமிஷம் மனசு அமைதியாக இருக்கும். கொஞ்ச நாளில் இடது கண்ணில் இமைமயிரே இல்லை. உம்மா மையை அப்பிவிட்டு மறைத்தாள். பள்ளிக்கூடத்தில் பேச்சு நின்றது. வாய் திறக்கக் கூடாது என்று நான் முடிவு செய்யவில்லை. திறந்தேன், வரவில்லை. முதலில் வாத்தியாரிடம், பிறகு பிள்ளைகளிடம், பிறகு தெருவில், கடைசியில் வாப்பாவிடம். உம்மாவிடமும் தங்கையிடமும் மட்டும் வீட்டுக்குள் மெதுவாகப் பேசினேன்.

தங்கையைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். எனக்கு அடுத்தவள். என்னை லாத்தா, லாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு எங்கே போனாலும் பின்னாலேயே வருவாள். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த கொஞ்ச மாதத்திலேயே தானாக எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். தீப்பெட்டி, சோப்பு உறை, ஸ்டேஷன் பலகை, எதையும் விடுவதில்லை. அவள் வாசிக்கும்போதெல்லாம் வாப்பா என் பக்கம் திரும்பி, "பாரு, ஒனக்கு எளையவ" என்பார். சில நாள் வேறு விதமாகவும் சொல்லியிருக்கிறார். ஒன்றிரண்டு முறை என்னை அடித்தும் இருக்கிறார், அடித்துவிட்டுத் தானே வெளியே போய் நின்றுகொண்டிருப்பார்.

திடீரென்று தங்கை படிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் வாப்பா ஒரு பெட்டியின்மேல் இருந்த எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "தெரியல வாப்பா" என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்திலும் அதையே சொன்னாள். பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். "எழுத்தெல்லாம் அசையுது" என்று சொன்னாள். நான் சொன்ன அதே வார்த்தை.

உம்மா பயந்துபோனாள். ஒரு பிள்ளைக்கு வந்தால் பிள்ளையின் குற்றம் என்று இருந்தாள் போலிருக்கிறது. இரண்டு பிள்ளைக்கு வந்ததும் வீட்டுக்கே ஏதோ வந்துவிட்டது என்று அழுதாள். தண்ணீர் ஓதிக் குடிக்கவைத்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் தர்காவுக்குக் கூட்டிப்போவது என்று முடிவானது. புத்தி பேதலித்தவர்களை, பயந்தவர்களை எல்லாம் எங்கள் பக்கத்தில் எல்லா சாதி சனமும் கொண்டுவரும் தர்கா அது. ராமநாதபுரம் வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் ஏறினோம்.

தர்காவைச் சுற்றிப் பனையோலைக் கொட்டகைகள். அவற்றில் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருந்தார்கள். சிலர் தமக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் வேப்பமரத்தடியில் நின்ற நிலையிலேயே நின்றார். நானும் பேசாமல் இருக்கிறேன், அவரும் பேசாமல் இருக்கிறார், அப்படியென்றால் நானும் அவரும் ஒன்றா என்று யோசித்தேன். உம்மாவிடம் கேட்கப் பயமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

வாப்பாவும் உம்மாவும் தர்காவுக்குள் பாத்திஹா ஓதப் போயிருந்த நேரத்தில், பக்கத்துக் கொட்டகையில் இருந்த ஒரு இளம் பெண் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தலை வார ஆரம்பித்தாள். அபிராமம் பக்கத்து விவசாயக் குடும்பம் என்றாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றபின் தூக்கம் போய்விட்டதாம். நன்றாகத்தான் பேசினாள். எண்ணெய் தொட்டு, சிக்கெடுத்து, வலிக்காமல் பின்னினாள்.

"ஒனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

என் வாயில் சொல் வந்தது. ஏன் அவளிடம் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "எனக்குப் படிக்க வராது" என்றேன்.

அவள் பின்னுவதை நிறுத்தினாள். "அம்புட்டுதானா?"

தலையாட்டினேன்.

"எனக்குந்தான் படிக்க வராது. எங்கூருல ஒருத்திக்கும் வராது. அதுக்கா ஒன்னய இங்கன கூட்டியாந்தாக?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் மாமியார் வந்து அவளை உள்ளே கூட்டிப்போனார். ஒரு பக்கச் சடை மட்டும் பின்னியபடி நான் எழுந்து வந்தேன். அவள் எனக்காக அழுதாளா, வேறு எதற்காவதா, தெரியவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் தங்கை மணலில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தாள். கடலை கட்டிவந்த செய்தித்தாள் துண்டை மடியில் விரித்து வைத்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. கண் இடமிருந்து வலமாகப் போய்த் திரும்பி வந்தது. பிறகு சிரித்தாள்.

"என்ன போட்டிருக்கு?" என்றேன்.

"ஒரு திருடன் ஆடு தூக்கிட்டு ஓடி கெணத்துல விழுந்துட்டானாம். ஆடு மட்டும் மேல நின்னு கத்துச்சாம்" என்றாள். சொன்னபிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். தாளைக் கசக்கி மணலில் புதைத்தாள்.

"ஒனக்குப் படிக்க வருது" என்றேன்.

"சொல்லிறாத லாத்தா."

"ஏன் வரலன்னு சொன்ன?"

அவள் மணலைத் தட்டித் தட்டிச் சமன் செய்தாள். "நான் படிச்சா ஒன்னய வையிறாக" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அவள் எனக்கு நல்லது செய்தாளா கெட்டது செய்தாளா என்று புரியவில்லை. இருக்கிற ஒன்றை இல்லை என்று சொல்ல அவளால் முடிகிறது. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியவில்லை. இதில் யாருக்குத்தான் கோளாறு?

நான் யாரிடமும் சொல்லவில்லை. உம்மாவிடம் சொல்லியிருக்கலாம், அதற்கும் வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்பினோம். ஒன்றும் மாறவில்லை. ஒரு சாயங்காலம் வாப்பா கடையில் ஏதோ நஷ்டத்தோடு வந்திருந்தார் போல. தங்கையைக் கூப்பிட்டுப் புத்தகத்தை விரித்து, "ஒரு வரி. ஒரே ஒரு வரி படி" என்றார். அவர் கெஞ்சுவது மாதிரி இருந்தது.

"வரல வாப்பா."

"போன மாசம் வந்துச்சுல்ல?"

"இப்ப வரல."

வாப்பா அவளை அடித்தார். அதற்குமுன் அவளை அவர் தொட்டதே கிடையாது. தங்கை அழாமல் நின்றாள். மறுபடி கை ஓங்கினார்.

"அவளுக்குப் படிக்க வரும். எனக்குத்தான் வராது."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். வாப்பாவின் கை அப்படியே நின்றது. நான் பேசியதற்குச் சந்தோஷப்படுவதா, தங்கை மறைத்ததற்குக் கோபப்படுவதா என்று தெரியாமல் அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்படியிலிருந்து உம்மா ஓடிவந்து, "புள்ள பேசிட்டா, புள்ள பேசிட்டா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் வாப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு ஒன்னய அப்படிச் செய்யச் சொன்னது?" என்று தங்கையிடம் கேட்டார்.

"யாரும் சொல்லல" என்றாள் அவள்.

வாப்பா எழுந்து இரண்டு பேரின் புத்தகத்தையும் எடுத்து மேலே பரணில் வைத்தார். மறுநாள் காலையில் தங்கையின் புத்தகத்தை மட்டும் இறக்கிக் கொடுத்தார். என்னிடம், "நீ ஓதப் போ" என்றார். அது தண்டனையா மன்னிப்பா என்று யோசித்துக்கொண்டே போனேன். ஓதிக்கொடுக்கும் அம்மா ஒன்றும் கேட்காமல் என்னை முன்னால் உட்காரவைத்தார். முதல் நாள் குரல் கரகரத்தது. பிறகு சரியாகிவிட்டது. இமையும் மெதுவாக முளைத்தது.

நான் பேசியதற்குக் காரணம் தர்கா என்றாள் உம்மா. வருஷம் தவறாமல் நேர்ச்சை செலுத்தினாள். கண்டித்து வைத்ததால்தான் வாய் திறந்தேன் என்று வாத்தியார் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சின்னம்மா தான் கட்டிய தாயத்து என்றாள். வாப்பா மட்டும் ஒரு காரணமும் சொல்லவில்லை. அவர் அதன்பிறகு என்னிடம் எழுத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. கடைக்குப் போகும்போது சில நாள், குர்ஆனில் தனக்குப் பிடித்த அத்தியாயத்தைச் சொல்லி, "அந்த சூராவ ஓது" என்று கேட்டு, முடியும்வரை செருப்பைப் போடாமல் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

தங்கை எட்டாம் கிளாஸ் வரை படித்தாள். எங்கள் தெருவில் அவ்வளவு படித்த பெண்பிள்ளை அவள்தான். நான் கல்யாணமாகி வந்த பிறகு, என் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும்போது கூடவே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். இப்போது பஸ்ஸில் ஊர்ப் பெயரை வாசித்துவிடுவேன், பஸ் கொஞ்ச நேரம் நின்றால். ஒரு பக்கம் படிக்க ஒரு பகல் போய்விடும்.

சமீபத்தில் என் பேரனுக்கு இதே தொந்தரவு இருக்கிறதென்று மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். அவர் இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார். இது பிறவியிலேயே வருவது, குடும்பத்தில் ஓடும், புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிள்ளையின் குற்றமும் இல்லை என்றார். நான் அழுதேன். பிறகு, "எனக்குப் பேச்சு நின்னுச்சே டாக்டர், அதுவும் இதுதானா?" என்று கேட்டேன். அது பயத்தில் வந்திருக்கலாம் என்றார். "அப்ப பேச்சு எதனால வந்துச்சு?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அதை நான்தான் சொல்ல வேண்டும் என்றார்.

திரும்பி வந்ததும் தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கும் வயதாகிவிட்டது, கண்ணாடி போட்டுக்கொண்டு தினம் பேப்பர் படிக்கிறாள். "எனக்காக வரலைன்னு சொன்னியே, எம்புட்டு மனசு ஒனக்கு" என்றேன்.

அவள் பேப்பரை இறக்கினாள். "நான் அப்படியெல்லாம் செய்யல லாத்தா. எனக்கு அப்ப நெசமாவே வரல. எழுத்தெல்லாம் அசைஞ்சுச்சு."

"தர்காவுல பேப்பர் படிச்சியே. திருடன், ஆடு, கெணறு."

"அதுல படம் போட்டிருந்துச்சு. படத்தப் பாத்து நானா சொன்னேன்."

"நான் படிச்சா ஒன்னய வையிறாகன்னு சொன்னியே."

"சொல்லியிருப்பேன்" என்றாள். "ஒன்னய வஞ்சாகதானே. அதப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு வராமப் போச்சோ என்னமோ. வாப்பா அடிச்ச அன்னைக்கு நீ வரும்னு சொன்ன. அதுக்கப்புறம் வந்துச்சு."

அந்தத் தாளில் படம் இருந்ததா என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். அவள் உதடு அசைந்தது ஞாபகம் இருக்கிறது. அவள் கண் வரி வரியாகப் போய்வந்தது ஞாபகம் இருக்கிறது. படம் இருந்திருந்தால் என் கண் முதலில் அதில்தானே போயிருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை. படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் பயத்தில் நிஜமாகவே வராமல் போகுமா என்று டாக்டரிடம் இன்னொரு முறை போகும்போது கேட்கலாம் என்றிருக்கிறேன். தங்கை வேண்டாம் என்கிறாள்.